பையன் என்ன பண்றான் என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: எனக்கு 64 வயது. திருச்சியில் இருக்கிறேன். தொலைபேசித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். கணவர் தனியார் மில்லில் வேலை பார்த்தவர். அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகன், 36 வயது. இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூரில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தான். 24 வயதில் ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் வந்தது. அன்றிலிருந்து மாத்திரையில்தான் இருக்கிறான். இப்போது நிதானமாக இருக்கிறான். பால் வாங்குவான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், பேப்பர் படிப்பான். வேலைக்குப் போக முடியவில்லை.

கரூர் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 1978இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் நாங்கள். கொரோனா ஊரடங்கில் ஒருத்தி விடாமல் தேடி முப்பது பேரைக் கண்டுபிடித்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். ஆளாளுக்குக் குடும்பப் படம் போட்டார்கள். ஒருத்தி மகள் டல்லாஸில், ஒருத்தி மகன் மெல்போர்னில். என்னைக் கேட்டபோது, "பையன் பெங்களூர் ஐ.டி. கம்பெனி. இப்போ வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எல்லோரும் வீட்டிலிருந்துதானே வேலை பார்த்தார்கள்? அந்தப் பொய்யை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இரண்டு சிக்கல். ஒரு தோழி தன் அக்கா பெண்ணுக்கு என் மகனைக் கேட்கிறாள். ஜாதகம் அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டாள். "பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, பொங்கல் முடிந்து ஏற்காட்டில் எல்லோரும் ஒருநாள் தங்குவதாக ஏற்பாடு. ஒவ்வொருத்தியும் மேடையேறி ஐந்து நிமிடம் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டுமாம். ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள்: கணவர் என்ன செய்தார், பிள்ளைகள் எங்கே, என்ன வேலை, பேரக்குழந்தைகள் எத்தனை என்று. போகவா, உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிடவா? குழுவிலிருந்தே வெளியே வந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. என் பக்கத்து பெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும், "நீ வந்தால்தான் நான் வருவேன்" என்கிறாள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியும் இருக்கிறோம். அதனால் தைரியமாகப் படியுங்கள்.

மற்றதெல்லாம் பொங்கல் வரை பொறுக்கும். ஜாதகம் பொறுக்காது. உங்கள் தோழி நல்ல மனதோடுதான் கேட்கிறார். அவர் தன் அக்காவிடம் சொல்லியிருப்பார், அக்கா பெண்ணின் காதிலும் போட்டிருப்பார். நீங்கள் "பார்க்கலாம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. குழுவில் சொன்ன பொய்யால் இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு நஷ்டம் வரலாம். ஆகவே இன்றைக்கே பேசுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். எழுதியது நாலு கை மாறும். போன் பண்ணி இப்படிச் சொல்லலாம்: "இல்லடி, அவனுக்குச் சில வருஷமா உடம்பு சரியில்ல. வைத்தியம் நடக்குது. இப்போ கல்யாணம் பேசுற நிலைமை இல்ல. உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், மனசுல வச்சுக்காத. உங்க அக்காவை வேற இடம் பார்க்கச் சொல்லு." என்ன உடம்பு என்று கண்டிப்பாகக் கேட்பார். "அதை அப்புறம் சொல்றேன், இப்போ பேச முடியல" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இனியும் சொல்வார்கள். ஆகாது. இந்த நோய் உள்ளவர்கள் திருமணமே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய் கட்டுக்குள் இருந்து, அவரே விரும்பி, பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் முழு விவரமும் தெரிந்து நடந்த திருமணங்கள் நன்றாகவே ஓடுகின்றன. மறைத்துச் செய்தவை பெரும்பாலும் எங்களைப் போன்ற மனநல ஆலோசகர்களின் அறைக்கு வருகின்றன, அல்லது குடும்ப நீதிமன்றத்துக்குப் போகின்றன. நோயை மறைத்தார்கள் என்ற காரணத்தால் அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பாகவும் வாய்ப்புண்டு.

இனி அந்தப் பொய்.

அதற்காக உங்களை யாரும் கூண்டில் ஏற்றப் போவதில்லை. 42 வருடம் கழித்து ஒரு கூட்டம் கிடைக்கிறது. முதல் நாளே எல்லோரும் படம் போடுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு தாய் வாயிலிருந்து வந்த வரி அது. பெங்களூர் வேலை உண்மையாகவே இருந்ததுதான், வருடத்தைத்தான் மாற்றிச் சொன்னீர்கள். ஆனாலும் அதைக் காப்பாற்றுவதில் உங்கள் தெம்பு எவ்வளவு போகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. வீடியோ அழைப்பு வந்தால் மகன் பின்னால் வந்துவிடுவானோ என்று சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் வீட்டில், அவன் நடமாட்டத்தை நீங்கள் ஒளிக்கிறீர்கள். அவனுக்கு அது புரியாமல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இந்த நோயில் பேச்சு குறைந்துபோனவர்களும் பல நேரம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அதற்காக, நாளைக் காலை குழுவில் உண்மையைப் போட்டு உடையுங்கள் என்று சொல்வேன் என எதிர்பார்த்தால், அதுவும் இல்லை. அந்த நோய் உங்கள் மகனுடையது. அதைச் சொல்வதா வேண்டாமா என்பதில் முதல் வார்த்தை அவனுக்குத்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று சிகிச்சை தருபவர்களைக் கட்டுப்படுத்துகிறது. பெற்ற தாயை அந்தச் சட்டம் கேள்வி கேட்காது. ஆனால் 36 வயது ஆண்மகன் ஒருவனைப் பற்றி முப்பது பேரிடம் பேசுவதற்கு முன் அவனைக் கேட்பது முறை. உட்காரவைத்துப் பெரிய பேச்சாக ஆரம்பிக்காதீர்கள். இரண்டு பேரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேளுங்கள். "என் பள்ளிக்கூட ஃபிரெண்ட்ஸ் உன்னைப் பத்திக் கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?" அவன் உடனே பதில் சொல்லாமல் போகலாம். இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது சம்பந்தமே இல்லாமல் சொல்லலாம். காத்திருங்கள். "சொல்ல வேண்டாம்" என்றால், "உடம்பு சரியில்லை, வீட்டில் என்னோடு இருக்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது பொய்யே இல்லை. "சொல்லிக்கோ" என்றால், யாரிடம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குப் பட்டது வேறொன்று. நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மகன், கணவர், டல்லாஸ், மெல்போர்ன், தோழிகளின் பேரக்குழந்தைகள் எல்லோரும் இருக்கிறார்கள். நீங்கள் வருவது "ஆபரேட்டராகச் சேர்ந்து விருப்ப ஓய்வில் வந்தேன்" என்ற ஒரு வரியில்தான். மேடையில் ஐந்து நிமிடம் உங்கள் வாழ்க்கையைப் பேசச் சொல்கிறார்கள், நீங்களோ மகனின் பயோடேட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறீர்கள். தவறு உங்களுடையது மட்டுமில்லை. அந்தப் படிவமே அப்படித்தான் இருக்கிறது. கணவர் என்ன செய்தார், பிள்ளைகள் எங்கே, பேரன் பேத்தி எத்தனை. படிவத்தை நிரப்பும் பெண்மணி என்ன செய்தார் என்று அதில் ஒரு கேள்வி இல்லை. படிவம் தயாரித்தவரும் ஒரு பெண்தான் என்பதுதான் வேடிக்கை. குழந்தை இல்லாதவர், திருமணமே செய்துகொள்ளாதவர், மகளைப் பறிகொடுத்தவர் என்று முப்பது பேரில் சிலராவது இருப்பார்கள். அவர்கள் அந்தக் கட்டங்களில் என்ன எழுதுவார்கள்?

ஏற்பாடு செய்பவரிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் கதையை இழுக்காமல், பொதுவாகச் சொல்லுங்கள்: "பிள்ளைங்க விவரம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. மேடையில பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் நாம என்ன பண்ணோம்னு மட்டும் பேசலாமே?" பத்துப் பேராவது மனதுக்குள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஒன்றும் முழுகிவிடாது. படிவத்தில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் நிரப்பி அனுப்புங்கள். யாரும் கையெழுத்துக் கேட்டுத் திருப்பி அனுப்பப் போவதில்லை.

அப்புறம் அந்த ஐந்து நிமிடம். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங், குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் பேசும் பி.பி. கால். மூன்று நிமிடம் முடிந்ததும் குறுக்கே வரும் ஆபரேட்டரின் குரல். உங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய வீட்டுச் சாவுச் செய்தியும் பிரசவச் செய்தியும் உங்களைப் போன்ற யாரோ ஒரு பெண் மாட்டிய ஒயர் வழியாகத்தான் வந்திருக்கும். 1984 அக்டோபர் 31 அன்று, இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி வந்தபோது, உங்களுக்கு டியூட்டி இருந்ததா? 1987 டிசம்பர் 24 அன்று, எம்.ஜி.ஆர். இறந்த விடியற்காலையில்? ராத்திரி ஷிப்டில் எத்தனை பேர் தூங்குவதற்கு முறை வைத்துக்கொண்டீர்கள்? கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போனீர்கள்? மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தபோது, இனி நமக்கு என்ன வேலை என்று ஆபரேட்டர்கள் பேசிக்கொண்டீர்களா? 2000 அக்டோபரில் அரசுத் துறை ஊழியராக இருந்தவர்கள் பி.எஸ்.என்.எல். ஊழியர்களானது, பிறகு 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78,000க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறியது, அந்தக் கூட்டத்தில் ஒருவராக நீங்களும் படியிறங்கியது. இதையெல்லாம் சொல்ல ஐந்து நிமிடம் போதாது. டல்லாஸ் படம் பார்த்துச் சலித்த கூட்டம் இதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். எனக்கே கேட்க ஆசையாக இருக்கிறது.

வயதானவர்கள் பழசைப் பேசுவதைப் பொழுதுபோகாத வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் இதைப் பற்றி எழுதினார். முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று மருத்துவர்களே கருதிய காலம் அது. அப்படியில்லை, தீராமல் கிடந்தவற்றை எடுத்து வைத்துப் பார்த்துக் கணக்கை நேர்செய்ய மனம் செய்யும் இயல்பான வேலை அது என்றார் அவர். இன்றைக்கு முதியோருக்கான மன ஆலோசனையில் அதையே ஒரு முறையாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. திரும்பிப் பார்க்கும் வாழ்க்கை பார்ப்பவருடையதாக இருக்க வேண்டும்.

தோழிகளின் படங்களைப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பொறாமைக்காரியாகிவிட்டேனோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் உங்களுக்கு இப்படி இருக்காது. மனிதர்கள் தங்களை அளந்துகொள்ளத் தங்களைப் போன்றவர்களைத்தான் தேடுவார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே சொல்லியிருக்கிறார். வகுப்புத் தோழிகளைவிட நமக்கு நெருக்கமான அளவுகோல் கிடையாது. ஒரே ஊர், ஒரே யூனிஃபார்ம், ஒரே கணக்கு டீச்சரிடம் வாங்கிய அடி. அங்கே ஒன்றாகத்தானே இருந்தோம், இவள் மட்டும் எப்படி அங்கே போனாள் என்று மனம் கேட்கும். ஆனால் அன்றைக்கும் நீங்கள் எல்லோரும் ஒன்றாக இல்லை. பெண்ணின் திருமண வயது 15இலிருந்து 18 ஆக உயர்ந்ததே 1978இல்தான். உங்கள் வகுப்பில் பரீட்சை முடிந்த கையோடு கழுத்தை நீட்டியவர்கள் இருப்பார்கள். பி.யூ.சி. போனவர்கள் சிலர், அத்தை மகனைக் கட்டிக்கொண்டு தறிக்குப் போனவர்கள் சிலர். குழுவில் அவர்கள் என்ன படம் போடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் எதுவுமே போடுவதில்லை, ரோஜாப்பூவும் காலை வணக்கமும் மட்டும் அனுப்புகிறார்கள் என்பது தெரியும். அந்த ரோஜாப்பூக்களைக் கேலி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. சொல்ல வேறு செய்தி இல்லாதவரும், சொல்ல முடியாத செய்தி உள்ளவரும், நான் இருக்கிறேன் என்று தெரிவிப்பதற்கு அதைத்தான் அனுப்புகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு உங்கள் மகனுக்கு இருக்கும் நோய் இருக்கிறது. முப்பது தோழிகள், அவரவர் கணவர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், நாத்தனார் கொழுந்தன் என்று எண்ணிப் பாருங்கள். 300ஐத் தாண்டும். அதோடு குடி, மனச்சோர்வு, விவாகரத்து, மறதி நோய் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ அழைப்பை எடுப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க முடியாது.

ஆகவே குழுவை விட்டு வெளியேற வேண்டாம். சத்தத்தை மட்டும் அணைத்து வையுங்கள். தினம் ஒரு தடவை, அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னால் பார்த்தால் போதும். முப்பது பேரோடும் நெருங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வயது ஏற ஏற மனிதர்கள் பெரிய வட்டத்தை விட்டுவிட்டு, மனதுக்கு வேண்டிய சிலரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரா கார்ஸ்டென்சன் பல வருடம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அது ஒதுங்கிப் போவதல்ல, பொறுக்கி எடுப்பது. இந்த முப்பதில் உங்களுக்கு இரண்டு பேர் தேறினால் போதும். ஒருவர் ஏற்கெனவே தேறிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்து பெஞ்சுக்காரியைச் சொல்கிறேன். "நீ வந்தால்தான் வருவேன்" என்று 64 வயதில் ஒருத்தி சொல்கிறாள் என்றால், அவளுக்கும் ஏதோ இருக்கிறது. மகன் சம்மதித்தால், அல்லது அவன் சம்மதிக்கும் அளவுக்கு மட்டும், ஏற்காட்டுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் ஒருவருக்காவது விஷயம் தெரியும் என்ற நிலையில் போய் உட்காருவதற்கும், யாருக்கும் தெரியாது என்று போய் உட்காருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். யாராவது "பையன் வரலையா, என்ன பேக்கேஜ்?" என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றவும் பக்கத்தில் ஆள் இருக்கும். நேரில் பார்த்துச் சொல்ல முடிந்தால் நல்லது. கரூருக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம்? ஒரு பஸ்தான். அவர் வாயைப் பொத்தி வைக்க மாட்டார் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள்.

சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதற்கும் தயாராக இருங்கள். அறிவுரை மழை பெய்யும். திருச்சியில் இருந்துகொண்டு, மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் கோயிலுக்குப் போகவில்லையா என்று முதலில் கேட்பார்கள். நம்பிக்கை இருந்தால் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மந்திரித்தல், கட்டிவைத்துப் பார்த்தல் என்று யாராவது ஆரம்பித்தால், 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததைச் சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடியுங்கள். "நீ வேலை வேலைன்னு ஓடுனதாலதான் பிள்ளை இப்படி ஆயிட்டான்" என்று ஒருத்தி சொல்லக்கூடும். நேராகச் சொல்லாவிட்டாலும் ஜாடையாகச் சொல்லக்கூடும். நீங்களே அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் தெரிகிறது. இந்த நோய் தாயின் வளர்ப்பினால் வருவதில்லை. ஒரு காலத்தில் மருத்துவ உலகமே தாய்மார்கள் மேல் அந்தப் பழியைப் போட்டது. அது தவறு என்று தெளிவாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

அறிவுரை மழையில் உபயோகமானதும் கொஞ்சம் விழும். ஓய்வுபெற்ற பெண்கள் முப்பது பேர் என்றால் அதில் ஒரு நர்ஸ், ஒரு கருவூல அலுவலர், வக்கீல் வீட்டுப் பெண் ஒருத்தி இருப்பார்கள். உங்களுக்கு அவர்களால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. கடிதத்தில் "எனக்குப் பின் இவன் என்ன செய்வான்" என்று கேட்டிருந்தீர்கள். அதில் பணம் சம்பந்தப்பட்ட பாதியையாவது இப்போதே முடிக்கலாம். நீங்கள் அரசுத் துறையில் சேர்ந்து பிறகு பி.எஸ்.என்.எல்.லுக்கு மாற்றப்பட்டவர், அதனால் உங்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள்தான். அதன்படி குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாகப் பிள்ளைகளுக்கு 25 வயதோடு நின்றுவிடும். சம்பாதிக்க இயலாத அளவுக்கு மனநோயோ உடல் ஊனமோ உள்ள பிள்ளைக்கு அந்த வயது வரம்பு கிடையாது, வாழ்நாள் முழுக்க வரும். நீங்கள் இருக்கும்போதே அவன் பெயரை உங்கள் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். சேர்க்காமல் விட்டால், நீங்கள் இல்லாத காலத்தில் அவன் தனியாக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோயும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது. பழைய சிகிச்சைச் சீட்டுகளைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் சி.சி.ஏ. அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஓய்வூதியர் சங்கத்தில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள், படிவத்தை அவர்களே நிரப்பித் தருவார்கள்.

ஏற்காட்டுக்குப் போங்கள். பன்னிரண்டு வருடமாக ஒரு ராத்திரிகூட மகனை விட்டு வெளியே தங்கியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தோழிகளுக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது போக வேண்டும். அவன் தனியாகவோ துணையோடோ ஒரு ராத்திரி இருந்து பழகுவது அவனுக்கும் தேவை. மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி ஸ்ரீரங்கத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். அவரை ஏற்காட்டுப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வந்து ராத்திரி தங்கச் சொல்லுங்கள், ஒத்திகை போல. அன்றைக்கு நீங்களும் வீட்டில் இருங்கள், ஆனால் மாத்திரையை அவர் எடுத்துக் கொடுக்கட்டும். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். மருத்துவர் நம்பரும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) நம்பரும் அதிலேயே இருக்கட்டும். அந்த எண்ணில் ராத்திரியிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. புறப்படும் நாளுக்கு முந்தைய வாரத்தில் மகனுக்குத் தூக்கம் கெட்டாலோ, தனக்குத்தானே பேசுவது கூடினாலோ பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அப்போது தோழிகளிடம், "பையனுக்கு உடம்பு சரியில்லை" என்று உண்மையையே சொல்லலாம்.

எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்தாலும் நீங்கள் பெஞ்சுக்காரியோடு சேலம் வரை பஸ்ஸில் போங்கள். நடுவில் திரும்ப வேண்டுமென்றால் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்காது. மேடையில் பேசக் கூப்பிடும்போது கடைசிவரை காத்திருக்காமல் நாலாவது ஐந்தாவது ஆளாகப் போய்விடுங்கள். அங்கிருந்து மகனுக்கு ராத்திரி மாத்திரை வேளையில் ஒரு போன் போதும், மணிக்கொரு தரம் வேண்டாம்.